முடிச்சூர் சாலையில் தண்ணீர் வடிந்துவிட்டது

செப்டம்பர் 22, திங்கள்

ஐந்தே முக்காலுக்கு நிலையம். லிஃப்ட் ஓடவில்லை. மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கியதில் முதல் இரண்டு நிமிடம் குரல் கரகரத்தது. யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நான் கவனித்தேன்.

'நம்ம தெரு' நிகழ்ச்சிக்கு இந்த மாதத்தோடு பதினான்கு வருடம். தெற்கலை சமுதாய வானொலி என்று பெயர்ப்பலகை பெரிதாகச் சொல்கிறது. முடிச்சூரிலிருந்து மாடம்பாக்கம் வரை கேட்கும், மழை பெய்தால் அதுவும் சந்தேகம். எங்கள் வகை வானொலி சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது. எந்தத் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும், எந்தச் சாலையைத் தோண்டியிருக்கிறார்கள், எங்கே கண் முகாம் என்று சொல்லலாம், அது 'தகவல்'. ஆறு வருடம் மாலைப் பத்திரிகைக்கு ஓடியாடி எழுதியவளுக்கு இந்த வித்தியாசம் பிடிபட ஒரு மாதம் ஆயிற்று. இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

வழக்கம்போல கனகவல்லிதான் முதல் போன். முடிச்சூர்க்காரி. தினமும் மேற்குத் தாம்பரம் வந்து இரண்டு வீட்டில் சமைக்கிறவள். "ஜான்சிம்மா, ரோடு எப்பிடி கீது?" என்றுதான் ஆரம்பிப்பாள். நன்றாக இருக்கிறது, கிளம்புங்கள் என்றேன். "அப்ப கெளம்பறேன்" என்று வைத்துவிட்டாள். நான் சொல்லாமல் செருப்பில் கால் நுழைப்பதில்லையாம். பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

மத்தியானம் 'கைவசம்' ஃபோல்டரை ஒழுங்கு செய்தேன். நேரலைக்கு ஆள் வராத நாளில் கம்ப்யூட்டர் தானாக எடுத்து ஓட்டும் பதிவுகள் அதில் இருக்கும். முருங்கைக்கீரை சூப், மூட்டுவலி, திருநீர்மலைக் கோயில் வரலாறு. எதிலும் தேதி வராது, கிழமை வராது. வந்தால் மறுபடி ஓட்ட முடியாதே. புதிதாக வருகிற எல்லாருக்கும் நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அதுதான்.

போன வருட மழைச் சிறப்பு நிகழ்ச்சியைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். சும்மா சொல்லக் கூடாது, என் வேலையிலேயே உருப்படியானது அது. அதைப் போய் ஒரே நாள் ஒலிபரப்போடு தூங்கவிடுவதா? ஆரம்பத்தில் வந்த தேதியை வெட்டினேன். நடுவில் "நேற்று டிசம்பர்" என்று வந்த ஒரு வரியையும் வெட்டினேன். கைவசத்தில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அக்டோபர் 9, வியாழன்

பென்னியோடு சின்ன வாக்குவாதம். எங்கள் டெக்னீஷியன். நிலையம் தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறான். நாற்பது வயது, இரண்டு பெண் குழந்தைகள், இரும்புலியூரில் வாடகை வீடு. எல்லாருக்கும் தனித்தனி பாஸ்வேர்டு போட்டுத் தருகிறேன் என்று வந்து நின்றான். அதையெல்லாம் யாரப்பா ஞாபகம் வைத்துக்கொள்வது, உன் பெயரிலேயே எல்லாரும் உள்ளே போகிறோம், நன்றாகத்தானே போகிறது என்றேன்.

"எது நடந்தாலும் என் பேர்லயே நிக்கும்க்கா."

பேஜார் பண்ணாதே, போ என்றேன். போய்விட்டான்.

அக்டோபர் 21, செவ்வாய்

மழை. தொண்டைக் கட்டு. மிளகுப் பால். தீபாவளி வாழ்த்துச் சொல்ல முப்பத்தோரு பேர் போன் செய்தார்கள், நான் கிறிஸ்தவள் என்று தெரிந்தும்.

டிசம்பர் 2, செவ்வாய்

விடிய விடியப் பெய்தது. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். ஐந்து மணிக்குக் கேட்டைத் திறந்து பார்த்து மூடிவிட்டேன். பென்னிக்குப் போன் செய்தேன். அவன் நேற்றிலிருந்து நிலையத்திலேயே இருக்கிறான். மொட்டை மாடியிலிருந்து டிரான்ஸ்மிட்டர் அறைக்குள் தண்ணீர் இறங்குகிறதாம்.

"நீங்க வராதீங்கக்கா. கைவசத்த ஓட வுட்டுட்டு நான் பேட்டரியெல்லாம் மேல ஏத்தறேன்."

சரி என்றேன். வீட்டில் கரண்ட் இல்லை. ரேடியோவில் போட பேட்டரியும் இல்லை. வானொலிக்காரி வீட்டு லட்சணம்! போர்த்திக்கொண்டு தூங்கினேன். பதினான்கு வருடத்தில் இது மூன்றாவது லீவு.

டிசம்பர் 3, புதன்

காலை பத்து மணிக்குப் பென்னி கூப்பிட்டான். குரலே சரியில்லை.

நேற்று ஆறரை மணிக்குக் கம்ப்யூட்டர் எடுத்து ஓட்டியது மழைச் சிறப்பு நிகழ்ச்சியை. அவன் மாடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான், கேட்கவில்லை. என் குரல், தெளிவாக: "முடிச்சூர் சாலையில் தண்ணீர் வடிந்துவிட்டது. பாலத்தைத் தாண்டி வண்டிகள் போகின்றன. தைரியமாகக் கிளம்பலாம்."

அந்த நேரத்தில் அங்கே இடுப்பளவு தண்ணீர்.

கனகவல்லி கிளம்பிவிட்டாள். அவள் தெரு மேடு, மழையும் விட்டிருந்தது. பாலத்துக்கு முன்னால் மூடியில்லாத கால்வாயில் கால் இறங்கிவிட்டது. இரண்டு ஆண்கள் தோளைப் பிடித்து இழுத்துக் கரையேற்றியிருக்கிறார்கள். தொடை எலும்பு முறிவு. அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

ஐயோ.

யார் போட்டாங்கன்னு தெரியலக்கா, யார் எப்போ ஏத்தினாங்கன்னு கம்ப்யூட்டர் வச்சிருக்கிற லாக் எடுத்துப் பார்க்கணும் என்கிறான் பென்னி. சரின்னு போனை வச்சிட்டேன். நான் வெட்டின தேதி. உக்கார்ந்து, ரசிச்சு ரசிச்சு, நான் வெட்டினது. டீ வேற குடிக்கப் போனேன்.

டிசம்பர் 4, வியாழன்

தோத்தாத்ரி சார் அறையில் கூட்டம். நிலையத்தை நடத்தும் டிரஸ்ட்டின் செயலாளர். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. எதையும் காகிதத்தில் பார்த்தால்தான் நம்புவார். லாக்கை பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார். பதிவு ஏற்றப்பட்டது செப்டம்பர் 22, மதியம் 2.14. ஏற்றியவர்: பென்னி.

"இதுக்கு மேல என்ன எவிடன்ஸ் வேணும்? மார்ச்ல லைசென்ஸ் ரினீவல் வரது. இந்த விஷயம் வெளில போகப்படாது."

பென்னி அந்தக் காகிதத்தை வெகுநேரம் பார்த்தான். எல்லாரும் என் பேர்லதானே உள்ள போறாங்க என்று அவனே சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் சொன்னது வேறு.

"ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு சார். நானே போட்டிருப்பேன் போல. ஞாபகம் வரல."

தோத்தாத்ரி என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றேள், ஜான்சி?"

"அவன் வேணும்னு செஞ்சிருக்க மாட்டான் சார்" என்றேன்.

வீட்டுக்கு வந்து அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நிருபர் வேலையில் கற்ற கைத்திறன்.

டிசம்பர் 7, ஞாயிறு

ஆராதனை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலில் பிளேட் வைத்திருக்கிறார்கள். கனகவல்லியை நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. குரலை வைத்துப் பருமனாக நினைத்திருந்தேன். குச்சி மாதிரி இருக்கிறாள். நான் வாய் திறந்ததும் அவள் என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். பக்கத்துக் கட்டில்காரிகளிடம் "ரேடியோ ஜான்சி, என்ன பாக்க வந்துகீது" என்று காட்டினாள்.

எப்படி இறங்கினீர்கள், தண்ணீர் தெரியவில்லையா என்று கேட்டேன்.

"தெரியாமயா? கண்ணுக்கு எதிர்ல நிக்குது. ஆனா நீ வடிஞ்சிடுச்சின்னு சொல்லிட்ட இல்ல? அப்ப அந்தாண்ட வடிஞ்சிருக்கும், இங்க தான் கொஞ்சம் நிக்குதுன்னு நெனச்சிகினு எறங்கிட்டேன்."

தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன்.

"அந்தப் புள்ள வந்துச்சும்மா, பென்னி. மிஷின்ல தப்பா வச்சிட்டேன்னு காலாண்ட குந்திகினு ஒரே அழுவ. ரெண்டு பொட்டப் புள்ளைங்களாமே? அத வேலைய வுட்டு எடுத்துடாதீங்கன்னு சொல்லு. உன் பேச்ச கேப்பாங்க இல்ல?"

கேட்பார்கள் என்றேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

கேட்கவில்லை. உண்மையில் தோத்தாத்ரி சாரிடம் நான் அழுத்திச் சொல்லவும் இல்லை. "கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க சார்" என்றேன். யோசித்தாயிற்று என்றார்.

டிசம்பர் 15, திங்கள்

பென்னியின் கடைசி நாள். டீ, சமோசா. பிரிவுபசார வார்த்தை நான்தான் பேச வேண்டும் என்றார்கள், குரல் என்னுடையது என்பதால். மூன்று நிமிடம் பேசினேன். பொறுமைசாலி, உழைப்பாளி, நிலையத்தின் முதுகெலும்பு. எல்லாரும் கை தட்டினார்கள். அவன் மனைவிக்கு என்று நான் ஒரு புடவை வாங்கிக் கொடுத்தேன்.

போகும் முன் என்னைக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்து எதை எப்படி ஏற்றுவது என்று சொல்லிக்கொடுத்தான். எனக்குத் தெரிந்த வேலைதான். தெரியாதவள் மாதிரி கேட்டுக்கொண்டேன். காலண்டர் தாளின் பின்பக்கம் எண் போட்டு எழுதியும் வைத்தான். ஏழு வரி. கடைசி வரி: ஏற்றுவதற்கு முன் ஒருமுறை முழுசாகக் கேட்கவும்.

"இது எனக்கே நான் எழுதிக்கிட்டதுக்கா" என்று சிரித்தான்.

டிசம்பர் 20, சனி

பத்திரிகையில் இருந்தபோது ஒரு தடவை குன்றத்தூரில் கடை எரிந்த செய்தியில் வேறொருவர் பெயரைக் கடைக்காரர் என்று எழுதிவிட்டேன். அந்த மனிதர் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு ஆபீசுக்கே வந்துவிட்டார். மறுநாள் நாலாம் பக்கத்தில் மூன்று வரி திருத்தம் போட்டோம். அவரும் சாந்தமாகி ஒரு காபி குடித்துவிட்டுப் போனார். பேப்பரில் திருத்தத்துக்கு ஓர் இடம் இருந்தது. வானொலியில் சொன்னது காற்றோடு போயிற்று, அதை எங்கே போய்த் திருத்துவது?

நன்றாக எழுதியிருக்கிறேன். சாக்கு.

சொன்னால் மைக் போய்விடும். இதுதான் விஷயம், சுற்றி வளைப்பானேன். ஐம்பது வயது. வீட்டில் நான் ஒருத்தி. காலையில் அந்தச் சிவப்பு விளக்கு எரியாவிட்டால் எதற்காக எழுந்திருப்பது என்று எனக்குத் தெரியாது. பென்னிக்கு வேறு வேலை கிடைக்கும். கல்யாண மண்டபங்களில் சவுண்ட் வேலைக்குப் போகிறானாம்.

டிசம்பர் 25, வியாழன்

விடியற்காலை ஆராதனை. சமாதானம் சொல்லிக் கை கொடுக்கும் நேரத்தில் முன்வரிசைக்காரர் திரும்பினார். பென்னி. பக்கத்தில் அவன் மனைவி, என் புடவையில்.

"சமாதானம்க்கா."

"சமாதானம்" என்றேன். பிறகு ஆராதனையில் என்ன நடந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவன் சின்ன மகள் பெஞ்சில் திரும்பி உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 2, வெள்ளி

இன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 5, திங்கள்

6.34. நேரலை. முதல் போன்.

"ஜான்சிம்மா, நான்தான். வூட்டுக்கு வந்துட்டேன்!"

ஒரு மாதத்துக்குப் பின் அந்தக் குரல். வாங்க கனகவல்லி, உடம்பு எப்படி என்றேன். என் குரல் இயல்பாகத்தான் இருந்தது, பழக்கம்.

"தேவல. நாளைக்கு டாக்டரு வரச் சொல்லிகீறாரு. ரோடு எப்பிடிம்மா கீது? ஆட்டோ போவுமா? நீ சொல்லிட்டீன்னா சொல்லி வச்சிடுவேன்."

திருப்பிக் கேட்கிறா. என்கிட்டயே கேட்கிறா. கால உடைச்சவகிட்ட.

ஏழு விநாடி மௌனம்; கணக்குப் பார்த்தது அப்புறம்தான். வானொலியில் அது ரொம்ப நீளம். போன் லைனைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்தே நின்றுவிட்டார், லைன் போய்விட்டது என்று நினைத்து.

பிறகு சொன்னேன். எழுதி வைத்து வாசிக்கவில்லை, ஆனால் நினைவிருக்கிறது. "கனகவல்லி, டிசம்பர் இரண்டாம் தேதி காலை நீங்கள் கேட்டது முந்தைய வருடப் பதிவு. அதிலிருந்து தேதியை வெட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றியது பென்னி இல்லை. நான். தெரிந்தும் ஒரு மாதம் சொல்லாமல் இருந்ததும் நான்."

அவள் வீட்டு டி.வி. சத்தம் கேட்டது. பிறகு வைத்துவிட்டாள்.

பாட்டுப் போட்டேன். மீதி இருபது நிமிடத்தையும் ஒழுங்காக முடித்தேன். வெங்கடமங்கலத்தில் மின்தடை, சேலையூரில் கண் முகாம்.

ஜனவரி 6, செவ்வாய்

தோத்தாத்ரி சார் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"மைக்ல சொல்றதுக்கு முன்னாடி எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருந்தா மைக்கைக் குடுத்திருப்பீங்களா சார்?"

யோசித்தார். "மாட்டேன்" என்றார். நேர்மையான மனிதர்தான்.

'நம்ம தெரு' இன்றோடு என்னுடையது இல்லை. பென்னியைத் திரும்பக் கூப்பிடச் சொன்னேன். அதை அவர் நேற்று மாலையே செய்துவிட்டாராம். ஹெட்போன் என் சொந்தப் பொருள். அதைப் பையில் போட்டுக்கொண்டு மூன்று மாடி இறங்கினேன். லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது, எனக்குத்தான் அதற்குக் காத்து நிற்கப் பிடிக்கவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

நானே பென்னிக்குப் போன் செய்தேன். மன்னித்துக்கொள் என்றேன். நேராகச் சொல்ல இவ்வளவு நாள்.

பென்னி சொன்னான்: "நான்தான் போட்டேன்னு நானே நம்பிட்டேன். வூட்லயும் அப்பிடித்தான் சொன்னேன். பெரியவ கேட்டா, ஏன்ப்பா ஒழுங்கா பாக்கலன்னு. ஆமாம்மா, பாக்காம வுட்டுட்டேன்னு அவகிட்ட சொன்னேன்."

பிறகு அவனே:

"திங்கள்ளேர்ந்து வேலைக்குப் போறேன். சரிங்க மேடம். வச்சிடறேன்."

பதினான்கு வருடமாக அக்கா. அழுதேன். யாருக்காக என்று ஆராயவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

முடிச்சூர். கனகவல்லி வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தேன். மகள் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கனகவல்லி கட்டிலில், காலை நீட்டி.

உட்காரச் சொல்லவில்லை. நின்றேன்.

"தப்பு எல்லாருக்கும் வர்றது தான். மறந்தாப்ல வச்சிட்ட, வுடு. எம் மொவளே அடுப்புல பால வச்சிட்டு மறந்துட்றா" என்றாள். "ஆனா ஆஸ்பத்திரில எம் பக்கத்துல ஒரு மணி நேரம் குந்திகினு இருந்தியே. அந்தப் புள்ளைக்காக உங்கிட்ட கெஞ்சினேனே. அன்னிக்கு சொல்லியிருக்கலாம் இல்ல?"

சொல்லியிருக்கலாம் என்றேன்.

"இன்னாத்துக்கு சொல்லல?"

பயம் என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கிளம்பும்போது மகள் வாசல்வரை வந்து, வியாழக்கிழமை தோறும் அம்மாவைக் காலுக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்துக்குக் கூட்டிப் போக வேண்டும், தனக்கு லீவு கிடைப்பதில்லை என்று சொன்னாள். என்னிடம் கேட்டாளா, பொதுவாகச் சொன்னாளா, தெரியவில்லை. நான் வருகிறேன் என்றேன்.

ஜனவரி 29, வியாழன்

இரண்டாம் வாரம். ஆட்டோவில் போகும்போதும் வரும்போதும் கனகவல்லி என்னோடு பேசவில்லை. டிரைவரோடு பேசினாள்.

பிப்ரவரி 12, வியாழன்

ஆறே காலுக்கே போய்விட்டேன். இன்றுதான் உட்கார ஸ்டூல் கிடைத்தது. அவளே காலால் தள்ளினாள். வாக்கரைப் பிடித்து வாசல்வரை நடக்கிறாள் இப்போது.

ஆறரைக்கு ரேடியோவைத் திருகினாள். நான் இருக்கிறேனே என்று தயங்கவில்லை. பென்னி. புது ஆள் கிடைக்கும்வரை அவனையே பேசச் சொல்லியிருக்கிறார்கள். மூச்சு விடுகிற சத்தம் அப்படியே கேட்கிறது. வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. பின்னால் லாரி ஹாரன்.

"முடிச்சூர் ரோட்ல, பாலத்துக்கு இந்தப் பக்கம் பைப் போட தோண்டியிருக்காங்க. இடது பக்கம் போகாதீங்க. வலது பக்கம் ஒரு ஆட்டோ போற அளவுக்கு வழி இருக்கு. நான் இங்கதான் நிக்கறேன், போன்லதான் பேசறேன். இப்பகூட ஒரு ஆட்டோ போச்சு."

கனகவல்லி தலையை ஆட்டினாள். "இது டெய்லி வண்டிய எடுத்துகினு போயி பாத்துட்டு சொல்லுது" என்றாள். பிறகு என்னிடம், நாலு வாரத்தில் முதல் தடவையாக நேராக என்னைப் பார்த்து: "நீ எப்பிடி தெரிஞ்சுக்குவ, ரோடு எப்பிடி கீதுன்னு?"

போன் செய்வேன் என்றேன். பஸ் டிப்போவுக்கு, பால் பூத்துக்கு, தெரிந்த கடைக்காரர் இரண்டு பேருக்கு.

"யாரும் எடுக்கலன்னா?"

பொய் சொல்லலாம். பக்கத்தில் லாக் கிடையாது, யாரும் பிரிண்ட் எடுக்கப் போவதில்லை.

"முந்தின நாள் சொன்னதையே சொல்லிடுவேன்."

"பதினாலு வருஷமாவா?"

"ஆமாம்."

திட்டுவாள் என்று நினைத்தேன். ரேடியோவை அணைத்தாள். வாக்கரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மறு கையை என்னிடம் நீட்டினாள்.

"சரி, தூக்கு. ஆட்டோவ வலது பக்கமா போவ சொல்லு."